உஷார்! ‘எல்லாக் கிருமியும் செத்துடும்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்

என் பெரியப்பாவின் காலில் ஏறியது ஒரு கருவேல முள். வரப்பில் நடந்தபோது வலது கால் சுண்டுவிரலுக்குக் கீழே குத்தியிருக்கிறது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர். பாதம் ஏற்கெனவே மரத்துப்போயிருந்ததால் வலி பெரிதாகத் தெரியவில்லை. அவரே முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பத்துப் போட்டார். தினமும் காலையில் பழைய பத்தின் மேலேயே புதுப் பத்து. மஞ்சள் காய்ந்து ஓடு மாதிரி பொருக்குக் கட்டியது. பார்த்தவர்கள் எல்லாரும் “ஆறிட்டு வருது” என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் ராத்திரி குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்தப் பொருக்கின் மேல் சலைன் ஊற்றி, ஊறவைத்து, ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தார். அடியில் ஒரு எலுமிச்சம்பழம் உட்காரும் அளவுக்குப் பள்ளம். அது நிறையப் பச்சை கலந்த சீழ். அழுகிய திராட்சை போல ஒரு வாடை. சீழைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வந்த ரிப்போர்ட்டில் மூன்று பெயர்கள் இருந்தன: ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ். அதற்குள் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். “முதல் ரெண்டு நாள்ல வந்திருந்தா விரலுக்கு ஆபத்து வந்திருக்காதுங்க” என்றார் சர்ஜன்.

ஒரு முள்ளுக்குப் பின்னால் மூன்று விதமான கிருமிகள். நாங்கள் போட்டதோ ஒரே ஒரு பத்து. தயவுசெய்து மேலே படியுங்கள். உங்கள் வீட்டிலும் இது நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

‘எல்லா’ என்ற சொல்தான் ஆபத்து

“இந்தக் கஷாயத்தை மூணு நாள் குடிச்சா உடம்புல இருக்கிற எல்லாக் கிருமியும் செத்துடும்.” இந்த மாதிரி செய்தி வராத குடும்ப வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதா? கஷாயத்தின் பெயர் வாரத்துக்கு வாரம் மாறும். ‘எல்லாக் கிருமியும்’ என்பது மட்டும் மாறாது. அதுதான் பொய்.

1884-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற மருத்துவர், பெர்லினில், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமிகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் விட்டு, ஆல்கஹாலால் கழுவிப் பார்த்தார். சில பாக்டீரியாக்கள் சாயத்தைப் பிடித்துக்கொண்டன. சில விட்டுவிட்டன. இன்றைக்கும் உலகின் பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியாவைப் பார்த்தவுடன் முதலில் செய்வது கிட்டத்தட்ட இதே வேலைதான். சாயத்தைப் பிடித்துக்கொள்பவை கிராம் பாசிட்டிவ். விட்டுவிடுபவை கிராம் நெகட்டிவ்.

இந்த நிற வித்தியாசத்துக்குக் காரணம் அவற்றின் சுவர். கிராம் பாசிட்டிவ் வகைக்குத் தடித்த சுவர், ஆனால் வலை போன்றது. பல பொருள்கள் உள்ளே நுழைந்துவிடும். கிராம் நெகட்டிவ் வகைக்கு மெல்லிய சுவர், ஆனால் அதற்கு வெளியே இன்னொரு சவ்வு கூடுதலாகப் போர்த்தியிருக்கும். மூலிகைகளில் கிருமியைத் தாக்கக்கூடிய சத்து பெரும்பாலும் எண்ணெய்ப் பசை கொண்டது. அந்த வெளிச்சவ்வு அதை உள்ளே விடாது. தப்பித்தவறி கொஞ்சம் நுழைந்தாலும், வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகளும் இந்த வகைக் கிருமிகளிடம் உண்டு. அதனால்தான் மூலிகைச் சாறுகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கூடச் சோதனைகளில், முதல் வகையின் வளர்ச்சி தடைபடுவதும் இரண்டாம் வகை தாக்குப்பிடிப்பதும் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

பெரியப்பாவின் ரிப்போர்ட்டுக்கு வாருங்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் முதல் வகை. வேப்பிலையும் மஞ்சளும் ஒருவேளை அதைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம். கிளெப்சியெல்லாவும் சூடோமோனாஸும் இரண்டாம் வகை. அந்தப் பச்சைச் சீழும் திராட்சை வாடையும் சூடோமோனாஸின் அடையாளம். போதாததற்கு, படித்துறைப் படியில் பாசி பிடிப்பதைப் போல இவை புண்ணுக்குள் கொழகொழவென்று ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்கடியில் வாழும். மேலே எதைப் பூசினாலும் அடிவரை போகாது. மஞ்சள் பொருக்கு அதற்கு மேல் ஒரு மூடியாகத்தான் ஆனது.

தட்டில் செத்தது உடம்பில் சாகுமா?

“ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சிருக்காங்க” என்பார்கள். எந்த ஆராய்ச்சி? பெரும்பாலும் கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து, அதன் மேல் அடர்த்தியான சாற்றை வைத்துப் பார்க்கும் ஆராய்ச்சி. அந்தத் தட்டில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினாலும் கிருமி சாகும். அதற்காகக் குடிக்க முடியுமா?

மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள குர்குமின் தட்டில் பல கிருமிகளைத் தடுக்கிறது. ஆனால் வாய்வழியாகச் சாப்பிட்டால் குடல் அதை மிகக் குறைவாகத்தான் உறிஞ்சுகிறது. உறிஞ்சியதையும் கல்லீரல் வேகமாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. கிருமியைக் கொல்லும் அளவு ரத்தத்தில் சேர்வதே இல்லை. குர்குமின் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி 2017-ல் மருத்துவ வேதியியலாளர்கள் வெளியிட்ட பெரிய கட்டுரை, முறையாக நடந்த மருத்துவப் பரிசோதனை எதிலும் அது வெற்றி பெறவில்லை என்றே முடித்தது.

“மஞ்சளுக்கு அமெரிக்காவிடம் சண்டை போட்டு ஜெயிச்சோமே?” உண்மைதான். புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வழக்காடியது. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. நாம் பெருமைப்பட வேண்டிய வெற்றி. ஆனால் அங்கே நாம் நிரூபித்தது, இந்த வழக்கம் இந்தியாவில் காலங்காலமாக இருக்கிறது, புதிதாக யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதை. மஞ்சள் எந்தக் கிருமியைக் கொல்லும், எதைக் கொல்லாது என்ற கேள்வி அந்த வழக்கில் எழவே இல்லை. பழமைக்குக் கிடைத்த தீர்ப்பை மருந்துக்குக் கிடைத்த சான்றிதழாகக் காட்டி வியாபாரம் செய்கிறார்கள். உஷார்!

விதையாக உறங்கும் கிருமிகள்

சில பாக்டீரியாக்கள் சூழ்நிலை சரியில்லை என்றால் கெட்டியான ஓட்டுக்குள் ஒடுங்கி, விதை மாதிரி உறங்கிவிடும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். அவற்றை அழிக்க ஆஸ்பத்திரிகளில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் அழுத்தம் கொடுத்து வேகவைக்கிறார்கள். நம் வீட்டு வைத்தியங்களில் மூன்று இடங்களில் இந்த விதைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, மண்ணும் சாணியும். ரணஜன்னி என்று பெரியவர்கள் சொல்லும் டெட்டனஸ் கிருமியின் விதைகள் இவற்றில் உண்டு. காற்றுப் புகாத ஆழமான காயம் கிடைத்தால் விழித்துக்கொள்ளும். அது கக்கும் நஞ்சு நரம்பில் ஒட்டிவிட்டால் பிறகு அதைப் பிரித்தெடுக்க எந்த மருந்தாலும் முடியாது. வாய் பூட்டிக்கொள்ளும், உடம்பு வில்லாக வளையும். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் சாணியோ சாம்பலோ வைத்த வழக்கத்தால் இந்த நாட்டில் எத்தனை பச்சிளங்குழந்தைகள் போயின! தாய்மார்களுக்குத் தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், சுத்தமான பிளேடு என்று பல வருடம் பாடுபட்ட பிறகு, 2015-ல்தான் தாய்சேய் டெட்டனஸ் ஒழிப்பு இலக்கை இந்தியா எட்டியது. அந்த விதைகள் மண்ணைவிட்டுப் போய்விடவில்லை. தொப்புளில் எதையும் வைக்காதீர்கள். வசம்புக் கரி வேண்டாம், விளக்கெண்ணெய் வேண்டாம், பவுடரும் வேண்டாம். மருத்துவர் ஏதாவது எழுதிக் கொடுத்தால் அதை மட்டும் போடுங்கள். இல்லையென்றால் சுத்தமாக, உலர்ந்து இருக்க விடுங்கள். தானே விழும்.

இரண்டாவது, தேன். குழந்தை பிறந்ததும் சேனை வைக்கிறோம் என்று நாக்கில் தேன் தடவுகிறார்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் விதைகள் தேனில் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முளைக்க விடாது. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. விதை அங்கே முளைத்து நஞ்சு கக்கும். மலச்சிக்கலில் ஆரம்பிக்கும். அழுகை முனகலாகும். பால் குடிக்கும் வேகம் குறையும். கழுத்து துவளும். கடைசியில் மூச்சுத்தசையே சோர்ந்துவிடும். இப்படி ஒரு நோய் குழந்தைகளுக்கு வருகிறது என்று மருத்துவ உலகம் அடையாளம் கண்டதே 1976-ல்தான். ஒரு வயது வரை தேன் ஒரு துளிகூட வேண்டாம். மலைத்தேன், சுத்தமான தேன், வீட்டுக் கூட்டில் எடுத்த தேன் என்ற விதிவிலக்கு எதுவும் கிடையாது.

மூன்றாவது, பூண்டு. பூண்டை நசுக்கினால் வரும் அல்லிசின் என்ற பொருள் தட்டில் பல பாக்டீரியாக்களை ஓடவிடும். ஆனால் 1985-ல் கனடாவின் வான்கூவர் நகரில் என்ன நடந்தது? நறுக்கிய பூண்டை எண்ணெயில் ஊறவைத்து, குளிர்ப்பெட்டியில் வைக்காமல் பயன்படுத்திய ஒரு உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு அதே பாட்டுலினம் நஞ்சு ஏறியது. பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணின் விதை அதில் ஒட்டியிருந்தது. எண்ணெய் காற்றை அடைத்தது. மிச்சத்தைக் கிருமி பார்த்துக்கொண்டது. ‘இயற்கை ஆன்டிபயாட்டிக்’ என்று நாம் கொண்டாடும் பூண்டே அந்தக் கிருமிக்குத் தொட்டிலாகிவிட்டது. வீட்டில் பூண்டு எண்ணெய் போட்டு மாதக்கணக்கில் அலமாரியில் வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

மெழுகுச் சுவருக்குள் காசநோய்

காசநோய்க் கிருமி இன்னொரு ஜாதி. அதன் சுவரில் மெழுகு போன்ற கொழுப்பு பூசியிருக்கும். நம் குடலில் வாழும் ஈ.கோலை நல்ல தீனி கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்கு அதற்கு 15 முதல் 20 மணி நேரம் ஆகும். அவ்வளவு சோம்பேறி, அவ்வளவு பிடிவாதம். அதனால்தான் பல மருந்துகளைச் சேர்த்து ஆறு மாதம் சாப்பிடச் சொல்கிறார்கள்.

இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும், எடை ஏறும். அப்போதுதான் யாராவது வந்து, “எதுக்கு இத்தனை மாத்திரை, லிவர் கெட்டுடும். ஆடாதோடை சாறு குடி, போதும்” என்பார். ஆடாதோடை சளியை இளக்கலாம். மெழுகுக்குள் உறங்கும் கிருமியை அது ஒன்றும் செய்யாது. பாதியில் மாத்திரையை நிறுத்தினால், மிச்சமிருப்பவை எழும்பும். அவற்றில் மருந்துக்கு அடங்காதவையும் கிளம்பலாம். அந்த இருமல் வீட்டிலுள்ள பேரக்குழந்தைக்கும் போகும்.

நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு இவையே காசநோய்க்கு மருந்து என்று உலகமே நம்பிய காலம் இருந்தது. சென்னை தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தொடங்கிய சானடோரியம் அந்த நம்பிக்கையில் எழுந்ததுதான். ரயில் நிலையத்தின் பெயரில் அது இன்றும் இருக்கிறது. பிறகு 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் ஒரு பரிசோதனை செய்தது. ஒரே மருந்தைக் கொடுத்து, ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியத்திலும் இன்னொரு பகுதியினரை அவர்களுடைய நெரிசலான ஏழை வீடுகளிலும் வைத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள். குணப்படுத்தியது காற்று அல்ல, விடாமல் சாப்பிட்ட மருந்து. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றியது நம் சென்னையில் நடந்த இந்த ஆய்வு. இந்த ஊரிலிருந்துகொண்டே மாத்திரையைத் தூக்கிப்போடலாமா?

சாப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. சத்தான சாப்பாடு அவசியம். அதற்காகவே காசநோயாளிக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. மருந்தோடு சாப்பாடு என்பதுதான் சரி. மருந்துக்குப் பதிலாக எதுவும் கிடையாது.

தொழுநோய்க் கிருமியும் இதே மெழுகுக் குடும்பம். நீரடிமுத்து எண்ணெய் பல நூற்றாண்டு அதற்கு மருந்தாக இருந்தது. மேலை மருத்துவர்களே அதை வாங்கி ஊசியாகப் போட்டார்கள். சிலருக்கு ஓரளவு கேட்டது, பலருக்குக் கேட்கவில்லை. இன்று கூட்டு மருந்தை 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் நோய் முழுதாகக் குணமாகிறது. அதுவும் இலவசமாக. தோலில் உணர்ச்சியற்ற தேமல் வந்தால் எண்ணெய் தடவி மறைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

காய்ச்சல் குறைந்தது, கிருமி குறைந்ததா?

இன்னும் சில கிருமிகள் நம் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் பரவும் உண்ணிக்காய்ச்சல் அப்படிப்பட்டது. புதரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிக் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கருப்புப் பொருக்கு இருக்கலாம். அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்பின் அடியிலோ மறைந்திருப்பதால் நோயாளிக்கே தெரியாது. பென்சிலின் வகை ஊசிகூட இந்தக் கிருமியிடம் பலிக்காது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்றவைதான் கேட்கும். நோய் முற்றியவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் அதிகம் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது. ஆன்டிபயாட்டிக்கிலேயே இது கேட்கும், அது கேட்காது என்று இருக்கும்போது, ஒரு கஷாயம் எல்லாவற்றையும் கொல்லும் என்று எப்படி நம்புகிறீர்கள்?

நிலவேம்புக் குடிநீர் குடித்தால் காய்ச்சல் கொஞ்சம் தணியலாம், உடம்பு லேசாகலாம். ஆபத்தே அங்கேதான். டைபாய்டு என்றால் கிருமி குடலில் வேலை செய்துகொண்டே இருக்கும். சிகிச்சை இல்லாமல் மூன்றாவது வாரம் ஆனால் குடலில் ஓட்டையே விழலாம். எலிக்காய்ச்சல் என்றால் சிறுநீரகமும் கல்லீரலும் அடிபடலாம். மூன்று நாளைத் தாண்டியும் காய்ச்சல் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஒரு நாள்கூடக் கடத்தாதீர்கள்.

சிறுநீர் எரிச்சலும் இப்படித்தான். பார்லித் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு குடித்தால் நிறையச் சிறுநீர் போகும், எரிச்சல் குறையும். ஆனால் ஈ.கோலை கிருமி கொக்கி போட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நீரோட்டத்துக்கு எதிராகச் சிறுநீரகம் வரை ஏறக்கூடியது. புரோட்டியஸ் என்ற கிருமியோ சிறுநீரைக் காரமாக்கிக் கல்லையே உருவாக்கும். அறிகுறி ஒன்று, கிருமி இரண்டு, குணம் இரண்டு. கிரான்பெர்ரிச் சாறு, சில பெண்களுக்கு அடிக்கடி வரும் தொற்றைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. வந்துவிட்ட தொற்றை அது குணமாக்காது. கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும் வீட்டு வைத்தியத்தில் காத்திருக்கவே கூடாது.

வைத்தியமே கிருமியைக் கொண்டுவந்தால்?

அட்டை விட்டுக் கெட்ட ரத்தத்தை எடுக்கிறோம் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா நிரந்தரமாகக் குடியிருக்கிறது. அட்டை உறிஞ்சிய ரத்தத்தைச் செரிக்க உதவும் கூட்டாளி அது. ஒட்டுப்போட்ட விரலில் ரத்தம் தேங்காமல் இருக்க, பிளாஸ்டிக் சர்ஜன்களும் அட்டையைப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் அவர்கள் இந்தக் கிருமிக்கான ஆன்டிபயாட்டிக்கை முன்கூட்டியே கொடுத்துவிட்டுத்தான் அட்டையைத் தொடுகிறார்கள். வாடகை அறையில் தொட்டி வைத்துக்கொண்டு அட்டை விடுபவர் அதைச் செய்கிறாரா? கேளுங்கள்.

அக்குபஞ்சர் ஊசியைச் சரியாகச் சுத்தப்படுத்தாத இடங்களில், காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவான மைகோபாக்டீரியங்கள் தோலுக்கடியில் இறங்கி, மாதக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கியது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. உங்கள் கண்முன்னே புதுப் பாக்கெட்டைப் பிரித்து எடுக்காத ஊசியை உடம்பில் குத்த விடாதீர்கள்.

தெருவில் கழுதையை ஓட்டிவந்து, அங்கேயே கறந்து, ஒரு சங்கு பால் குழந்தைக்குப் புகட்டுகிறார்கள். கறந்த கை, மடி, சங்கு எதுவும் கழுவியது கிடையாது. காய்ச்சாத பால். அதுவும் மஞ்சள்காமாலை கண்ட பச்சிளங்குழந்தைக்கு! அந்தக் குழந்தைக்குத் தேவை ரத்தப் பரிசோதனை. காமாலை அளவு கூடுதலாக இருந்தால் நீலவிளக்குச் சிகிச்சை. கழுதைப்பாலில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் மூளைக்கு ஆபத்து.

நல்லதும் இருக்கிறது

வீட்டு வைத்தியம் எல்லாமே குப்பை என்று எழுத நான் வரவில்லை. வாந்திபேதியில் உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி கொடுத்த நம் பாட்டிகள் உயிர் காத்தவர்கள். கஞ்சி காலராக் கிருமியைக் கொல்லவில்லை. உடம்பு இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தது. 1971-ல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலைக் கொண்டு ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியதும் இதே வழியில்தான். தேனும்கூட, கதிர்வீச்சால் சுத்திகரித்து விதைகளை அழித்த பிறகு, ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குக் கட்டாகப் பயன்படுகிறது. இவை என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்து பயன்படுத்துகிறார்கள். வித்தியாசம் அதுதான்.

மாற்று மருத்துவத்திலேயே ஒரு நல்ல உதாரணம் ஜார்ஜியா நாட்டின் திபிலீசியில் இருக்கிறது. பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களை 1917-ல் ஃபெலிக்ஸ் டி ஹெரெல் விவரித்தார். அவற்றை மருந்தாகக் கொடுக்கும் எலியாவா நிறுவனம் 1923 முதல் அங்கே இயங்குகிறது. ஆன்டிபயாட்டிக் எதற்கும் அடங்காத புண்ணோடு உலகின் பல மூலைகளிலிருந்து அங்கே போகிறார்கள். போனவுடன் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முதலில் கல்ச்சர் டெஸ்ட். ஏனென்றால் ஒரு வைரஸ் தனக்குரிய பாக்டீரியாவை மட்டுமே தாக்கும், பக்கத்திலிருப்பதைத் தொடாது. எந்தக் கிருமி என்று தெரிந்த பிறகே எந்த வைரஸ் என்று முடிவு செய்கிறார்கள். நேர்மையான வைத்தியம் எந்த முறையானாலும் அந்தக் கேள்வியில்தான் தொடங்கும்.

மெடிக்கல் ஷாப்பிலும் உஷார்

கஷாயத்தைக் கண்மூடி நம்புவது தவறு என்றால், மெடிக்கல் ஷாப்பில் “காய்ச்சலுக்கு ஒரு ஸ்ட்ராங்கான மாத்திரை கொடுங்க” என்று கேட்பதும் அதே தவறுதான். அதுவும் எந்தக் கிருமி என்று கேட்காத வைத்தியம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாதது. பழைய சீட்டையும் பக்கத்து வீட்டுச் சீட்டையும் நீட்டாதீர்கள்.

காசநோய், நிமோனியா, டைபாய்டு, தொழுநோய், டெட்டனஸ் இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். 1954-ல் வந்த மருந்து, மாய மருந்து விளம்பரச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. டிவியிலோ யூடியூபிலோ அப்படி ஒருவர் சொன்னால், சொல்லும் நொடியிலேயே அவர் சட்டத்தை மீறிவிட்டார் என்று அர்த்தம். அவரிடமா உங்கள் உயிரை ஒப்படைப்பீர்கள்?

இதை மட்டும் மறக்காதீர்கள்

ஆழமான காயம், துருப்பிடித்த ஆணி, முள், நாய்க்கடி எதுவானாலும் முதலில் ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவுங்கள். நாய்க்கடி என்றால் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காபித்தூள், சாணி, பல் பசை எதையும் அப்பாதீர்கள். அதே நாளில் மருத்துவரிடம் போய்த் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் தினமும் ராத்திரி படுக்கும் முன் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிறு கொப்புளம் என்றாலும் மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி.

இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

குளிரோடு காய்ச்சல், குழப்பமான பேச்சு, மூச்சிரைப்பு, சிறுநீர் குறைவு, புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் கஷாயம் காய்ச்ச அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

சித்த மருத்துவமோ ஆயுர்வேதமோ எடுப்பதானால் முறையாகப் படித்துப் பதிவு செய்த மருத்துவரிடம், அரசு சித்த மருத்துவமனையில் எடுங்கள். சாப்பிடும் மற்ற மாத்திரைகளை அவரிடமும், சாப்பிடும் மூலிகைகளை அலோபதி மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெரியப்பா இன்று எட்டு விரல்களோடு நடக்கிறார். அவருடைய காலைக் கெடுத்தது வேப்பிலை என்று நான் சொல்ல மாட்டேன். “ஆறிட்டு வருது” என்று நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்த ஒன்பது நாள்தான் கெடுத்தது. உங்கள் வீட்டில் அந்த ஒன்பது நாள் வர விடாதீர்கள். இனி யாராவது “எல்லாக் கிருமியும் செத்துடும்” என்று சொன்னால், “எந்தக் கிருமி?” என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் கொடுப்பதை வாயிலும் வைக்காதீர்கள், புண்ணிலும் வைக்காதீர்கள்.